ஒரே பின்னணிச் செயன்முறையில் பல இணையச் சேவைகள்: எதைச் சேர்க்கலாம், எதைப் பிரிக்க வேண்டும்?

எமது சமூகத்தில் இயங்கும் சிறிய அமைப்புகள் பலவற்றுக்கு இன்று இணையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன. ஒரு செய்திப் பக்கம், உயிரிழந்தோரை நினைவுகூரும் பக்கம், பழைய படங்களையும் பத்திரிகைகளையும் தேடிப் பார்க்கும் காப்பகம், உதவி கேட்போர் நிரப்பும் விண்ணப்பம், காணாமல் ஆக்கப்பட்டோரின் விவரங்களைப் பதியும் படிவம் என்று அவை நீளும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய வழங்கியும், அதை ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டரும்தான்.

இப்படியான இடத்தில், எல்லாச் சேவைகளையும் ஒரே பின்னணிச் செயன்முறைக்குள் ஏற்றிவிடுவது மென்பொருள் எழுதுபவருக்கு இலகுவான வழி. அது பிழையான வழி அல்ல. கணினி உலகில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் எல்லாத் தரவுக்கும் அது பொருந்தாது. வழங்கிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எதை மிச்சப்படுத்துகிறது, எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதை இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பம் படிக்காதவர்களும் தமது அமைப்பின் மென்பொருளை எழுதுபவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவ வேண்டும் என்பதே எனது நோக்கம்.

பின்னணிச் செயன்முறை என்பது என்ன?

கணினியில் ஒரு மென்பொருள் ஓடத் தொடங்கும்போது இயங்குதளம் அதற்கென ஒரு நினைவகப் பகுதியை ஒதுக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அந்த மென்பொருளையே செயன்முறை என்கிறோம். ஒரு செயன்முறையின் நினைவகத்தை இன்னொன்று சாதாரணமாக எட்டிப் பார்க்க முடியாது. இடையில் இயங்குதளம் ஒரு மதிலைக் கட்டி வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் மனதில் வைத்திருக்க வேண்டிய விடயம் இந்த மதில்தான்.

திரையில் எதுவும் காட்டாமல், யாரும் உள்நுழையாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது பின்னணிச் செயன்முறை. யுனிக்ஸ், லினக்ஸ் உலகில் அதை டீமன் என்பார்கள். விண்டோஸில் அதன் பெயர் சேவை. நீங்கள் நள்ளிரவில் ஒரு இணையத்தளத்தைத் திறந்தாலும் பக்கம் வருகிறது என்றால், எங்கோ ஒரு வழங்கியில் இப்படியொரு செயன்முறை விழித்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள் போர்ட் இலக்கம் ஒன்றின் வழியாக வந்து சேர்கின்றன. இணையப் பக்கங்களுக்கு வழமையான இலக்கங்கள் 80, 443. சாதாரண ஏற்பாட்டில் ஒரு முகவரியின் ஒரு போர்ட்டில் ஒரு செயன்முறைதான் காது கொடுக்கலாம். எனவே ஒரே வழங்கியில் ஐந்து தளங்கள் இருந்தால், வாசலில் நிற்பது ஒருவராகவும், வந்தவர் எந்தத் தளத்தைத் தேடி வந்தார் என்று பார்த்து உள்ளே அனுப்புபவராகவும் இருக்க வேண்டும். 1997 இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறை, ஒவ்வொரு கோரிக்கையும் தான் தேடும் தளத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரே முகவரியில் பல தளங்களை வைக்கும் வழக்கம் இதனால்தான் பரவலானது. மறைகுறியாக்கிய இணைப்புகளிலும் தளத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லும் வழி 2003 இல் வரையறுக்கப்பட்டது.

மூன்று விதமான ஏற்பாடுகள்

முதலாவது, வாசலில் ஒரு இணைய வழங்கி மென்பொருளை நிறுத்துவது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்றவை இந்த வகை. ஒரே மென்பொருள் பல தளங்களின் கோப்புகளைப் பரிமாறும். படங்களும் கட்டுரைகளும் மட்டும் உள்ள தளங்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, பல செயலிகளைத் தாங்கும் ஒரு கொள்கலன். ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஐந்து செயலிகளை ஒரே டொம்கற் வழங்கிக்குள் வைக்கலாம். அவை வெவ்வேறு செயலிகளாகத் தோன்றினாலும், இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரே செயன்முறைதான்.

மூன்றாவது, நாமே எழுதும் ஒரு பின்னணிச் செயன்முறை. அது தொடங்கும்போது பல சேவைகளை வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட்டையோ பாதையையோ கொடுக்கும். 2006 இல் டொட் நெற் 3.0 உடன் வந்த விண்டோஸ் கொம்யூனிகேஷன் பவுண்டேஷன் காலத்தில், ஒரே விண்டோஸ் சேவைக்குள் பல இணையச் சேவைகளைத் திறந்து வைப்பது வழமையான முறைகளில் ஒன்றாக இருந்தது. இன்றைய டொட் நெற், நோட், கோ, பைதன் எதிலும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது வகையில் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. தொடங்கும்போது முதலில் தரவுத்தள இணைப்பு, பிறகு உட்சேவைகள், கடைசியாகவே வெளிவாசல் திறக்க வேண்டும். நிறுத்தும்போது இதற்கு எதிர்த்திசை: முதலில் வாசலை மூடி, கையில் உள்ள கோரிக்கைகளை முடித்துக்கொடுத்து, அதன் பின்னரே தரவுத்தளத்தை விட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், ஒரு தாய் படிவத்தை நிரப்பி அனுப்பும் அந்த நொடியில் வழங்கி மறுதொடக்கம் செய்யப்பட்டால் அவருடைய பதிவு பாதியில் போய்விடும். சேவைகளில் ஒன்று தொடங்க மறுத்தால் மற்றவை ஓட வேண்டுமா, எல்லாமே நிற்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும்.

ஏன் சேர்த்தார்கள்?

நினைவகம் விலை கூடியதாக இருந்தது என்பதே முதன்மையான காரணம். 1986 இல் வெளிவந்த 4.3 பி.எஸ்.டி. யுனிக்ஸில் ஐநெற்டி என்ற டீமன் இருந்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு டீமன் சும்மா விழித்திருப்பதற்குப் பதிலாக, இது ஒன்றே எல்லாப் போர்ட்டுகளிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. யாராவது வந்தால் மட்டுமே உரிய மென்பொருளைத் தனிச் செயன்முறையாக எழுப்பியது. காவல் ஒருவர், வேலை செய்பவர்கள் வேறு வேறு. இந்த நடுவழியை நினைவில் வையுங்கள். இன்றைய லினக்ஸில் உள்ள சிஸ்டம்டியும் இதே வசதியைத் தருகிறது.

விண்டோஸ் 2000 இல் மைக்ரோசொப்ட் இன்னும் ஒரு படி போனது. எஸ்.வி.சி. ஹோஸ்ட் என்ற பெயரில் ஒரே செயன்முறைக்குள் இயங்குதளத்தின் பல சேவைகளைக் குழுக்களாக அடைத்தது. நோக்கம் நினைவகத்தை மிச்சப்படுத்துவதே. பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2017 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1703 ஆம் பதிப்பில், 3.5 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் அந்தக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. பெரும்பாலான சேவைகளுக்குத் தனிச் செயன்முறை கிடைத்தது. ஒன்று விழுந்தால் மற்றவை விழாது, பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது இலகு, ஒன்றிடமிருந்து மற்றதற்குப் பாதுகாப்புக் கூடும் என்பன அதற்கான காரணங்கள். வறுமையில் ஒன்றாக இருந்தவர்கள் வசதி வந்ததும் தனித்தனி வீடு கட்டிக்கொண்டது போல.

எமது சிறிய அமைப்புகள் இன்னும் அந்த வறுமையில்தான் இருக்கின்றன. ஒரு ஜிகாபைட் நினைவகமுள்ள வாடகை வழங்கியில் ஐந்து ஜாவா செயன்முறைகளைத் தனித்தனியே ஓட்டப் பார்த்தால் அது திணறும். ஒவ்வொன்றும் வேலை எதுவும் செய்யாமலே தனக்கென ஒரு அடிப்படை நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றாகச் சேர்த்தால் அந்தச் செலவு ஒரு முறைதான். தரவுத்தள இணைப்புகளைப் பகிரலாம். புதுப்பிக்க வேண்டியதும் ஒன்று, பார்க்க வேண்டிய லொக் பதிவும் ஒன்று. சம்பளமில்லாத ஒரு தொண்டருக்கு இது சிறிய நிம்மதி அல்ல.

சேர்க்கும்போது கூடவே பகிரப்படுபவை

ஆனால் ஒரு செயன்முறைக்குள் வந்த பிறகு அந்த மதில் இல்லை. நாம் கேட்காமலே பல விடயங்கள் பொதுவாகிவிடுகின்றன.

வீழ்ச்சி பொதுவாகிறது. நினைவுப் பக்கத்தில் யாரோ ஏற்றிய பழுதான படக் கோப்பு ஒன்று செயன்முறையை விழுத்தினால், படிவமும் சேர்ந்து விழும்.

நினைவகம் பொதுவாகிறது. காப்பகத் தேடல் அளவுக்கு மீறி நினைவகத்தை விழுங்கினால், லினக்ஸ் அந்தச் செயன்முறை முழுவதையுமே கொன்றுவிடலாம். உள்ளே எந்தச் சேவை குற்றவாளி என்று அது பார்ப்பதில்லை.

நேரம் பொதுவாகிறது. நோட் போன்ற ஒற்றை இழை முறையில், ஒரு கோரிக்கை ஐந்து வினாடிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஐந்து வினாடியும் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை பொதுவாகிறது. லினக்ஸில் ஒரு செயன்முறைக்கு வழமையான மென்வரம்பு 1024. ஒவ்வொரு இணைப்பும் இதில் ஒன்றாகக் கணக்கிடப்படும். செய்திப் பக்கத்துக்குக் கூட்டம் வரும் நாளில் படிவத்துக்கு இடமில்லாமல் போகலாம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, அதிகாரமும் இரகசியமும் பொதுவாவது. செயன்முறை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ, அந்தக் கணக்கு வாசிக்கக்கூடிய அனைத்தையும் உள்ளே உள்ள எல்லாச் சேவைகளும் வாசிக்கலாம். தரவுத்தளக் கடவுச்சொல் அதே நினைவகத்தில் இருக்கிறது. சற்று முன் வேறொருவர் அனுப்பிய படிவத்தின் எழுத்துகளும் அங்கேதான் கிடக்கின்றன.

2017 பெப்ரவரியில் நடந்தது

கடைசியாகச் சொன்ன ஆபத்துக்கு நானறிந்த தெளிவான உதாரணம் கிளவுட்பிளெயர் நிறுவனத்தில் நடந்தது. பெருந்தொகையான இணையத்தளங்களுக்கு முன்னால் நின்று, வரும் கோரிக்கைகளை வாங்கி அனுப்புவது அதன் தொழில். என்ஜின்எக்ஸ் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட அதன் செயன்முறைகளில் பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

பக்கங்களின் குறிமொழியை வாசித்துத் திருத்தும் ஒரு பகுதியில் சிறிய பிழை இருந்தது. நினைவகத் துண்டின் முடிவுக்கு வந்துவிட்டோமா என்று பார்க்கும் இடத்தில், முடிவுக்குச் சமமா என்று மட்டும் அது கேட்டது. தாண்டிவிட்டோமா என்று கேட்கவில்லை. சில அரைகுறைப் பக்கங்களில் அது முடிவைத் தாண்டிக் குதித்து, அதற்கப்பால் நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளி வாசகரின் திரைக்கு அனுப்பியது. அப்பால் கிடந்தவை வேறு தளங்களின் தரவுகள்: உள்நுழைவுக் குக்கிகள், அடையாளச் சாவிகள், படிவங்களில் அனுப்பப்பட்டவை. அவற்றில் சில தேடுபொறிகளின் சேமிப்பிலும் போய் அமர்ந்துவிட்டன.

கூகுள் நிறுவனத்தின் புரொஜெக்ட் சீரோ குழுவைச் சேர்ந்த ராவிஸ் ஒர்மாண்டி இதைக் கண்டுபிடித்தார். பெப்ரவரி 23 அன்று விடயம் பகிரங்கமானது. அதிகமாகக் கசிந்த பெப்ரவரி 13 முதல் 18 வரையான நாட்களில் ஏறக்குறைய 33 இலட்சம் கோரிக்கைகளுக்கு ஒன்று என்ற அளவில் கசிவு ஏற்பட்டிருக்கலாம் என்று கிளவுட்பிளெயர் கணக்குச் சொன்னது. முதற்கசிவு 2016 செப்டெம்பர் 22 அன்றே நடந்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டது.

ஆனால் வாடிக்கையாளர்களின் மறைகுறியாக்கத் தனிச் சாவிகள் கசியவில்லை. காரணம் எளிது. மறைகுறியாக்க இணைப்புகளை முடித்துவைக்கும் வேலை, பிழை இருந்த பகுதி சேராத வேறொரு தனி என்ஜின்எக்ஸில் நடந்தது. பொதுவான வேலைகள் கலந்திருந்த இடத்தில் கசிந்தது. தனி மதிலுக்குள் வைத்தது தப்பியது. எந்த மென்பொருள் எழுதுபவரும் பிழை விடுவார். பிழை நடந்தால் எது வெளியே போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த மதில் எங்கே நிற்கிறது என்பதுதான்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

ஒரு வர்த்தகத் தளத்தில் தரவு கசிந்தால் கடன் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். எமது படிவங்களில் இருப்பவற்றை மாற்ற முடியாது. கடைசியாக எங்கே கண்டார்கள், யார் கூட்டிச்சென்றார்கள், கூடவே யார் நின்றார்கள், இப்போது குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது, தொலைபேசி எண் என்ன என்பவை அவை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஒரு பழைய புகைப்படம் என்று உறவுகள் ஆண்டுக்கணக்காகப் பொலித்தீன் உறைக்குள் வைத்துச் சுமந்தவற்றை நம்பி எமது கையில் தருகிறார்கள். விசாரிக்க வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்ற அச்சம் முற்றாக நீங்காத இடங்களில் வாழ்பவர்கள் அவர்கள். அந்தப் பதிவு, யாரும் படம் ஏற்றக்கூடிய ஒரு நினைவுப் பக்கத்தோடு ஒரே நினைவகத்தைப் பகிரக் கூடாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

எப்படிப் பிரிப்பது?

தொழில்நுட்பத்தின் படி அல்ல, தரவின் படி கோடு கிழியுங்கள். கசிந்தால் யாருக்கும் கேடில்லாதவை ஒரு பக்கம்: செய்தி, அறிவித்தல், காப்பகம், நினைவுப் பக்கம். இவற்றை ஒரே செயன்முறையில் வைத்துப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கசிந்தால் ஒருவருக்கு ஆபத்து வரக்கூடியவை மறுபக்கம். அவற்றுக்குத் தனிச் செயன்முறை, தனிப் பயனர் கணக்கு, தனித் தரவுத்தளம், தனிக் கடவுச்சொல்.

வெளியுலகுக்குக் காட்ட வேண்டியது வாசல் மென்பொருளை மட்டும்தான். உள்ளே உள்ளவை 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுக்கட்டும். ஆனால் மறைகுறியாக்கம் வாசலில் அவிழ்க்கப்பட்டால் படிவத்தின் எழுத்துகள் வாசலின் நினைவகத்தையும் கடந்து செல்லும். கிளவுட்பிளெயரில் நடந்தது அதுவே. ஆகவே வாசலைக் கூடுதல் இணைப்புகள் எதுவும் இல்லாமல் எளிமையாக வையுங்கள். படிவத்துக்கு வேறு வழங்கியே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

படிவத்தை வாங்கும் செயன்முறைக்கு எழுதும் உரிமை போதும், வாசிக்கும் உரிமை தேவையில்லை. உண்டியலில் காசு போடலாம், கைவிட்டு எடுக்க முடியாது என்பது போல. வந்த பதிவைப் பொதுச் சாவியால் உடனே மறைகுறியாக்கி, திறக்கும் தனிச் சாவியை அந்த வழங்கியிலேயே வைக்காமல் விட்டால், வழங்கி முழுவதும் பறிபோனாலும் பழைய பதிவுகளை வாசிக்க முடியாது.

ஒவ்வொரு செயன்முறைக்கும் நினைவக உச்சவரம்பும், விழுந்தால் தானாக எழும்பும் ஏற்பாடும் வையுங்கள். சிஸ்டம்டியில் இவை ஓரிரு வரிகள்தான். செயன்முறை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். உள்ளே ஐந்து சேவைகள் இருந்தால் ஐந்தையும் தனித்தனியே தட்டிப் பார்க்க வேண்டும். நான்கு ஓடிக்கொண்டிருக்க ஐந்தாவது வாரக்கணக்காகச் செத்துக் கிடக்கலாம். லொக் பதிவில் பெயரோ தொலைபேசி எண்ணோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தைப் பூட்டிவிட்டு அதே விவரத்தை லொக்கில் எழுதி வைத்தால் பூட்டுக்குப் பொருளில்லை.

இதனால் தீராதவை

ஒரே வழங்கியில் செயன்முறைகளைப் பிரித்தாலும் அவை ஒரே இயங்குதளத்தின் மேல்தான் நிற்கின்றன. அதன் தலைமைக் கணக்கைப் பிடித்தவருக்கு எல்லாம் தெரியும். மிகவும் ஆபத்தான சாட்சியங்களுக்கு இணையத்தோடு இணையாத கணினியே பொருத்தமான இடம்.

பெயரும் முகவரியும் பொதுவாக இருந்தால் தடையும் பொதுவாகும். 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். செய்தியும் உதவிப் படிவமும் ஒரே தளப்பெயரில் இருந்தால், செய்திக்காக வரும் தடை உதவி கேட்பவரையும் தடுக்கும். தனித் தளப்பெயர் பெரிய செலவல்ல.

பிரிப்பது பிரதி எடுப்பதும் ஆகாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதற்குள் இருந்தன. உங்கள் தரவின் மறைகுறியாக்கிய பிரதி இன்னொரு இடத்தில், இன்னொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று இடையிடையே செய்து பார்க்கவும் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் அமைப்பின் மென்பொருளை எழுதுபவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எமது சேவைகளில் எவையெவை ஒரே செயன்முறைக்குள் இருக்கின்றன? பொதுப் பக்கம் உடைக்கப்பட்டால் அந்த இடத்திலிருந்து எதையெல்லாம் வாசிக்கலாம்? படிவத்தை வாங்கும் மென்பொருளால் பழைய பதிவுகளைத் திறக்க முடியுமா? ஒரு சேவை மட்டும் நின்றால் எங்களுக்கு எப்போது தெரியவரும்? பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?

இவற்றுக்கு நேரடியான பதில் கிடைக்கும் வரை, யாருடைய பெயரையும் ஊரையும் அந்தப் படிவத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது. காகிதத்தில் எழுதி அலுமாரியில் பூட்டி வைத்தாலும் காரியமில்லை.